முத்துமணின்னு ஒரு பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு காளீஸ்வரி எழுதுறது. நான் நல்லாருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுறாகளா?

இங்க புனேயில எங்க கம்பெனி புதுசா ஒரு பெட்டி செஞ்சிருக்கு. பம்புசெட்டுக்குக் கரண்ட் வந்ததும் நம்ம செல்லுக்குப் போன் போடும். எடுக்குற வரைக்கும் விடாது. இவுக எல்லாத்துக்கும் வேடிக்கையாத்தான் பேரு வைப்பாக. கிணறு வத்தினா மோட்டாரை நிறுத்துற மிஷினுக்குக் கும்பகர்ணன்னு பேரு. இதுக்கு என்ன வைக்கலாம்னு கேட்டப்ப, யோசிக்காம "முத்துமணி"ன்னுட்டேன்.

"யாரது?"ன்னாக.

"எங்கம்மா. நான் சாப்பிட்டேன்னு சொல்ற வரைக்கும் போன் போட்டுக்கிட்டே இருப்பாக."

சிரிச்சுக் கைதட்டி அதையே அச்சடிச்சுட்டாக. பெத்தவ பேரை ஆளாளுக்குச் சொல்றாகளேன்னு முதல்ல சுருக்குன்னுச்சு. இப்ப நாள் பூரா அது காதுல விழுறது நல்லாத்தான் இருக்கு.

பார்சல்ல ஒரு பெட்டி வச்சிருக்கேன். இனிமே அப்பா கரண்டுக்காகத் தோட்டத்துலயே காத்துக் கிடக்க வேணாம். கூட இருக்குற காலி டப்பாவுல பருப்புப்பொடி போட்டு அனுப்பு.

கூரியர்க்காரர் நிக்கிறாரு. போன வாரம் வேலை நேரத்துல கூப்பிடாதன்னு எரிஞ்சு விழுந்தேன். அதுலருந்து நீ கூப்பிடவே இல்ல. நான் எடுக்கலேன்னாலும் விட்டுறாதம்மா. எடுக்குற வரைக்கும் கூப்பிடு.

உன் மக,
காளீஸ்வரி