தக்காளிக்கு மருந்து தெளித்த அன்று வந்த சம்பந்தம்

அருப்புக்கோட்டை
12-12-1977

அன்பு மகன் ராஜகுருவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி சண்முகவடிவு மூவரும் நலம். வால்பாறைக் குளிரிலும் மழையிலும் உனக்குச் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நீ வைத்த தக்காளி மழையில் அழுகுகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். போன வருஷம் கேட்டிருந்தால் முழித்திருப்போம். இந்த வருஷம் நம் ஊரிலேயே ஐப்பசி பிறந்ததிலிருந்து விடாத மழை, கொடியில் போட்ட துணி காயவில்லை, நம் தக்காளி இலையெல்லாம் சூடு போட்ட மாதிரி கருப்புப் புள்ளி. ஆயுசு பூராவும் மழை வராதா என்று வானத்தைப் பார்த்த உன் அப்பா, இப்போது நிற்காதா என்று பார்க்கிறார். நம் ஜவுளிக்கடையில் விற்க வைத்திருந்த குடைகளைக் கொண்டுவந்து செடிக்குச் செடி விரித்துக் கட்டினார், தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. காற்றுப் போகாமல் புழுங்கி மிச்ச இலையும் கருகியது.

பிறகு விவசாய ஆபீசில் கேட்டுவந்தார். மயில்துத்தம் என்கிற நீல உப்பை ஒரு மண்சட்டியிலும் சுண்ணாம்பை இன்னொன்றிலும் கரைத்து, இரண்டையும் கலந்து, மழை வெறித்து வெயில் அடிக்கும் நாளில் தெளிக்க வேண்டுமாம். வெறித்தது போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. அன்றைக்குத்தான் பரளச்சியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமி அண்ணாச்சி குடும்பம், மகன் ஐயாத்துரைக்கு வடிவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்றேன். "அவுக சாயங்காலம்தான வாராக, அதுக்குள்ள முடிச்சிருவேன்" என்று துடைப்பத்தை முக்கி விளாசினார். அவர்கள் மத்தியான பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். வேட்டி, கை, மீசை எல்லாம் நீலமாக உன் அப்பா போய் வாங்க வாங்க என்று கும்பிடுகிறார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண்ணாயிற்றே, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க இது, துத்தமா? எங்க மிளகாயும் அழுகுதுங்க. எப்படித் தெளிச்சீக, காட்டுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கே போய்விட்டார். வந்த சனம் பூராவும் அவர் பின்னால் போனது. கேசரி ஆறியது. பட்டுப்புடவையில் காப்பித் தட்டோடு வடிவு சேற்றில் நிற்கிறாள், திரும்பிப் பார்க்க ஆளில்லை. கடைசியில் அண்ணாச்சி கையைக் கழுவிக்கொண்டு, "எங்களுக்குச் சம்மதம், தையில வச்சுக்கிருவோம்" என்றவர், "ஆமா, பொண்ணு எங்க?" என்றார்.

உன் செடியை மறந்துவிட்டேன் பார். மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடு, புள்ளி விழுந்த இலையைத் தோட்டத்திலேயே போடாமல் எரித்துவிடு, ஈரமாக இருக்கும்போது செடியைத் தொடாதே, குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டு. கருகிய இலை தேறாது, இங்கே புதுத் துளிரில் மட்டும் இதுவரை புள்ளி இல்லை.

அவர்கள் போனபிறகு மாப்பிள்ளை ஐயாத்துரையைப் பிடித்திருக்கிறதா என்று வடிவிடம் கேட்டேன். இத்தனை கூத்துக்குப் பிறகு அழுவாள் என்றுதான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் செடியப் பாத்தாகம்மா. அவுக மட்டும் என்னயவே பாத்துக்கிட்டு நின்னாக" என்றாள்.

தை முகூர்த்தத்துக்கு இப்போதே லீவு சொல்லிவை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் சாமி.

உன் அம்மா,
கோகிலாம்பாள்