மாடி வீட்டு டிவியில் ஓடிய படங்கள்

மார்ச் 4
மாடி வீட்டுக்காரர் படிக்கட்டில் நிறுத்தினார். "என்ன சார், உங்க கம்ப்யூட்டர் எங்க டிவில தெரியுது? என்னமோ போட்டோவா ஓடிச்சே." சிரித்தார். குடிநீர் வாரியத்தில் இன்ஜினியர் அவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைய இணைப்பு. அந்த யோசனை என்னுடையது.

அந்தப் படங்கள், வாரியச் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் பெண் தன் கைப்பட எழுதி, என் பத்திரிகைச் செய்திக்காக ரகசியமாகக் கொடுத்த பதிவேட்டுப் பக்கங்கள். சுத்தம் என்று வாரியம் சொல்லும் தண்ணீரில் சாக்கடை கலந்திருப்பதற்கு அவைதான் ஆதாரம். யார் எழுத்து என்று தெரிந்தால் அவள் வேலை போகும்.

அன்று மாலை
செட்டிங்ஸைத் திறந்தேன். வெளியாள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் அணைந்து கிடக்கிறது. என் கோப்புகள் பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. போன மாதம் பிரிண்டரைச் சரிசெய்ய வந்த மச்சினன் கைங்கரியம். போனில் கேட்டேன். "அது ஆன்ல இருந்தா பிரிண்டர் வரல மாமா. வீட்டு மெஷினை எவன் பாக்கப்போறான்?"

கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

மார்ச் 5
ஃபயர்வாலைப் போட்டேன். பகிர்வை நிறுத்தினேன். பிறகு ஃபயர்வாலைத் தாண்டிப்போக அனுமதி பெற்றவற்றின் பட்டியலைப் பார்த்தேன். முப்பத்தேழு புரோகிராம். மச்சினன் சேர்த்தது ஒன்று. மற்றதெல்லாம் செய்தி அனுப்பும் அவசரத்தில் நானே 'அனுமதி' அமுக்கியவை.

இன்னொன்று. ஃபயர்வால் அணைந்திருக்கிறது என்று ஒரு மாதமாகத் தினமும் காலையில் திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது. ஈயை விரட்டுவதுபோல் மூடினேன். இரண்டே வரி. ஊரான் பதிவேட்டை வரி விடாமல் படிக்கிறவனாம் நான். தூ.

மார்ச் 6
பஸ் நிறுத்தத்தில் அந்த உதவியாளரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். பழியை மச்சினன் மேல் போடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன் — அதையும் எழுதிவைக்கிறேன். போடவில்லை.

"பூட்டாம போனது நீங்க. தெருவுல நிக்கப்போறது நான். அப்படித்தானே அண்ணா?"

ஆமாம் என்றேன்.

மார்ச் 8
சோதனைக்கூடச் சாவியை அவளிடமிருந்து வாங்கிவிட்டார்களாம். மாடி வீட்டுக்காரர் இன்றும் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

மார்ச் 11
அவளே எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாள். இனி ஒளிந்து என்ன ஆகப்போகிறது, என் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்று ஆசிரியரிடம் சம்மதக் கடிதம் கொடுத்தாள். செய்தி நாளை முதல் பக்கம்.

அசல் படங்களை யாரிடம் வைப்பது என்று ஆசிரியர் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"என்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள்.