பதினொரு வாரம் துவைக்காத விரிப்பு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம்தான், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று உன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து, என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பருத்தி விரிப்பைத் திருப்பிக் கேட்டாள். பரிசை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்றேன். பரிசா, இது சோதனைத் துணியாச்சே, உங்க பொண்ணு சொல்லலையா ஆன்ட்டி என்று விழித்தாள். கையெழுத்துக்கு நீட்டிய தாளை வரி விடாமல் படித்தேன். சோதனை வீடு எண் பதினான்கு, வயது எழுபத்தாறு, தனியாக வசிப்பவர், பதினொரு வாரம் துவைக்காமல் பயன்படுத்தினார், கறை இல்லை, வாடை இல்லை. கீழே உன் கையெழுத்து. வாரம் தவறாமல் போனில் விரிப்பில் வாடை வருகிறதா என்று நீ விசாரித்ததை, என் படுக்கைமேல்கூட இவளுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று எதிர்வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேனே.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். துவைக்கவே வேண்டாம், மேலே இருக்கும் பூச்சு கிருமியைக் கொல்லும், வெயில் பட்டால் அழுக்கு தானே போய்விடும் என்றாய். கான்வென்ட் விடுதியில் திங்கட்கிழமைதோறும் விரிப்பை வெந்நீரில் போட்டு வளர்ந்தவளுக்குத் துவைக்காத துணியில் தூக்கம் வருமா? பதினொரு திங்கட்கிழமையும் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசினேன். நீ ஆசையாகக் கண்டுபிடித்தது, மனம் நோகக் கூடாதே என்று தண்ணீரே காட்டவில்லை என்று சொல்லிவைத்தேன். நான் பாசத்தில் சொன்ன பொய்யை நீ அறிக்கையாக்கிவிட்டாய். அதை நம்பி, எழுந்திருக்க முடியாதவர்கள் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு இருநூறு விரிப்பு போகிறதாம், மாதக்கணக்கில் மாற்றாமல் போட்டுவைக்கலாமாம், அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். அவர்கள் முதுகில் புண் வந்தால் யார் பொறுப்பு? நான் கையெழுத்தும் போடவில்லை, விரிப்பையும் கொடுக்கவில்லை. நீயே மேலதிகாரியிடம் போய் அந்த அறிக்கை தப்பு என்று சொல். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நானே அவருக்கு எழுதுவேன், முகவரியைக் குறித்துவைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியும் தரட்டும். பதிலைக் காகிதத்தில் எழுது, போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் பரவாயில்லைம்மா என்று மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா