ஏழாம் கட்டிலுக்கு வந்த இருவர்

நானா,

உயிரோடிருந்த ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே, மரணச் செய்தி கேட்டால் சொல்கிற "இன்னாலில்லாஹி"யைச் சொன்னவன் நான். அது, அண்ணன் என்ற உரிமையில் நானா என்று நான் அழைத்த உங்களுக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை மறுபடியும் சொல்லப் பார்த்தேன் என்பதுதான் தெரியாது. ஆஸ்பத்திரி வார்டு வாசலில் தரை துடைக்கிற லோஷன் மணம் மூக்கில் ஏறியதும் நாக்கு பழைய தடத்தில் வழுக்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் வாந்தி எடுக்கப்போகிறேன் என்று நினைத்து நேர்ஸ் வாளியோடு ஓடிவந்தார். அந்த வாளியை ஏந்திக்கொண்டு நின்றபோது உங்கள் நினைவு வந்தது. வேறு நல்ல இடம் கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.

கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த அந்த வருடத்தில், ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல் தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரங்கள் நின்று, நம் பண்ணைக் குளங்களில் இறால் எல்லாம் செத்து மிதந்தது. ஜெனரேட்டர் பார்த்த உங்களுக்கும் ஸ்டோர் சாவி வைத்திருந்த எனக்கும் ஒரே காலையில் வேலை போயிற்று. நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "இறாலுக்கே மூச்சு முட்டிட்டு, நமக்கென்ன" என்று சிரித்தபடி வீட்டுக்குப் போனீர்கள். நான் குளியலறைக்குப் போனேன்.

உண்மையாகவே அங்கேதான் இருந்தேன். பசியைவிட எனக்குப் பெரிய பயம் ஒரு கேள்விதான்: "என்ன, சும்மாவா இரிக்கிறீங்க?" வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். மனைவியின் தம்பி வந்தால் ஒரு குளியல், பள்ளிவாசல் தலைவர் வந்தால் ஒரு குளியல். கல்பிட்டி ரோட்டிலேயே சுத்தமான வேலையில்லாதவன் நான்தான்.

நீங்கள் மற்றவர்களைப் போலத் திரும்பிப் போகவில்லை. கதவைத் தட்டினீர்கள்.

"தம்பி, வெளிய வாங்க. இன்னும் குளிச்சா தோல் உரிஞ்சிரும்."

"எங்க போக, நானா?"

"நோய் விசாரிக்க."

"யாருக்குச் சுகமில்ல?"

"அது போய்த்தான் பாக்கணும்."

வழியில், ஒரு தோடம்பழமாவது வாங்காமல் எப்படிப் போவது என்று இழுத்தேன். "காதக் கொண்டு போனாக் காணும், வேறொண்டும் வேணாம்" என்றீர்கள்.

மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் ஓடாத நாட்கள் அவை. பஸ்ஸும் அபூர்வம். பார்வை நேரத்தில் வார்டில் பாதிப் பேர் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். நீங்கள் நேரே நடு வார்டுக்குப் போய் ஏழாம் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டீர்கள். அதில் உச்சமுனைத் தீவு மீனவர் ஒருவர்; சீனி வருத்தத்தில் கால் விரலை எடுத்திருந்தார்கள். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தேன். "அல்லாஹ் சுகமாக்கட்டும்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று முழுதாக, அழகாக, தழுதழுத்த குரலில் வந்தது.

எட்டாம் கட்டில்காரர் எழும்பி உட்கார்ந்து இவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார்.

நீங்கள் அசையவே இல்லை. "வெரலுக்குத்தான் சொன்னாரு, நானா. ஒங்களுக்கில்ல."

அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த வெரல எங்க அடக்கின எண்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி. அடக்கின எடத்துக்கு ஸியாரத் போகணும்" என்றார். சொல்லிவிட்டு, சிரிப்பில் காயம் இழுக்க, காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அடுத்த நாள் நான் வரச் சுணங்கியபோது உங்களிடம் கேட்டாராம்: "எங்க, அந்த மௌத்துக்காரர் வரல்லையா?" மரணத்தைச் சொன்னவனாகவாவது யாரோ என்னைத் தேடியிருக்கிறார்கள்! அன்றிலிருந்து நான் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் குளித்தேன்.

அதன்பின் நமக்கு நிற்க நேரமில்லை. காலையில் நூலகத்தில் ஓசிப் பத்திரிகை. நோயாளிகளுக்குக் கொண்டுபோகச் சரக்கு வேண்டுமே. சிங்கள நோயாளிகளோடும் கதைக்க வேண்டும் என்று பஸ் நிலையத்தில் நின்று பலகைகளைப் பார்த்துச் சிங்கள எழுத்துப் படித்தோம். சிலாபத்துப் பக்கத்து ஐயா ஒருவரிடம் நான் முதன்முதலாகச் சிங்களத்தில் பேசியது மூன்று ஊர்ப் பெயர்களை. பாவம், என்னைக் கண்டக்டர் என்று நினைத்து, இறங்கும் இடத்தைச் சொன்னார். நீங்கள் கேட்பீர்கள், நான் அளப்பேன். பெற்றோல் வரிசையில் கழுதையொன்று வந்து நின்றதையும், யாரும் அதை விரட்டாமல் அதற்குப் பின்னால் இடம் பிடித்ததையும் ஒவ்வொரு கட்டிலிலும் புதிதாகச் சொன்னேன். ஊர் முழுக்கத் திட்டு வாங்கித் தந்த என் வாய்க்கு அங்கேதான் மரியாதை கிடைத்தது.

நடுவில் கரண்ட் போகும். வார்டு இருளும். பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியதும் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, முகம் மலர இருப்பீர்கள். பழைய தொழிலின் பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

மண்ணெண்ணெய் கிடைத்து, படகு ஓடி, ஏழாம் கட்டில்காரரின் மனைவி ஒருநாள் வந்து சேர்ந்தார். என்னைக் காட்டி, "இவர் யாரு? என்ன செய்றார்?" என்று கேட்டார். நான் குளியலறை எங்கே என்று தேடினேன்.

"இவரா? நான் மௌத்தாகாமப் பாத்துக்கிட்டவர்" என்றார் அவர்.

உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள்.

இரும்புக் கடைக்கு ஸ்டோர் ஆள் தேடுகிறார்கள் என்பதும் அந்த வார்டில் காதில் விழுந்ததுதான். உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் என் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். "நீங்க போகலாமே, நானா? ஒங்களுக்கும்தானே வேலை இல்ல?" என்றேன். வார்டைச் சுற்றிக் கையைக் காட்டி, "எனக்கு இங்க வேல இரிக்கே" என்றீர்கள்.

அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நான் வேலைக்குச் சேர்ந்த அந்தக் கடையில், பள்ளிவாசலில், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது. மின்வெட்டு ஒழிந்தது, பண்ணை திறக்கவேயில்லை, நீங்களும் நிறுத்தவில்லை. அடுத்த ரமழான்களிலும் மதிய நேரத்தில் அந்தக் கதிரையில் உங்களைக் கண்டதாகச் சொல்வார்கள். கடைசியில், நோய் விசாரிக்க எனக்கு ஒருநாள்கூடத் தராமல், அதிகாலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். நான் சரியான இடத்தில் "இன்னாலில்லாஹி" சொன்னது அன்றைக்குத்தான்.

இப்போது கடை பூட்டுகிற வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்கு முன் நான் போகிறேன். வெறுங்கை, ஒரு வாய், நீங்கள் பழக்கிய இரண்டு காது. போன வெள்ளி, நேர்ஸின் வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றும் ஏழாம் கட்டிலருகேதான் உட்கார்ந்தேன். வரும் வழியில் உங்கள் வீட்டில் இறங்கி, "எனக்கு இங்க வேல இரிக்கே" என்று நீங்கள் சொன்னதை உங்கள் மனைவியிடம் கண் கலங்கச் சொன்னேன்.

"அவரா?" என்றார். "கரண்ட் போனா வீட்டுல வேகுது, ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இரிக்கி, ஏழாம் கட்டிலுக்கு நேர மேல ஃபேன் எண்டு சொல்லித்தானே தம்பி போகத் தொடங்கினாரு."