காதோலை வாசிக்காத தாத்தாவுக்கு

தாத்தா,

பூண்டு போட்ட நல்லெண்ணெய் அடுப்பில் காய்கிறது. அந்த வாசனை வந்தாலே நீங்கள் சமர்த்தாக ஒருக்களித்துப் படுத்துவிடுவீர்கள். இன்று படுத்திருப்பது நான். இந்த உலகச் சண்டைக் காலத்தில் நல்லெண்ணெய் கிடைப்பதே அபூர்வம். அதை என் காதில் ஊற்றிவிட்டு, "பதினஞ்சு வயசுல தாத்தா காது வந்துடுச்சேடி உனக்கு" என்று அம்மா மூக்கை உறிஞ்சுகிறாள். வெதுவெதுப்பாக எண்ணெய் இறங்க இறங்க வீடு தூரமாகிறது. காவிரியில் தலையை முக்கிக்கொண்டு கரைப்பேச்சைக் கேட்பது போல இருக்கிறது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்தான் நீங்கள் வருகிறீர்கள்.

நம் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மாதா கோயிலில் சாமியார் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். குழாயடியில்தான் காதுக்குக் காது எல்லாம் முன்பே வாசித்து முடிந்திருக்குமே. உங்களிடம் வந்தால் மட்டும் அது நின்றுபோகும். செவிட்டுக் கிழவரிடம் மூச்சைச் செலவழிப்பானேன் என்று போய்விடுவார்கள். நானும் உங்களுக்கு நிஜமாகவே காது மந்தம் என்றுதான் நம்பியிருந்தேன்.

தெருவே வண்டி கட்டிக்கொண்டு முக்கொம்பு போன அன்று, பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா ஒரு காலேஜ் பையனோடு மரத்தடியில் நின்று பேசியதை நான் மட்டும் பார்த்தேன். வீடு வருவதற்குள் ஒரு வரி தயாராகிவிட்டது. முதலில் உங்களிடம் விட்டுப் பார்த்தேன்.

"தாத்தா, முக்கொம்புல ஆறுதான் ரெண்டாப் பிரியுது. ரெஜினா அக்கா ஒண்ணாச் சேந்துட்டாங்க."

"கொம்பா? ஆட்டுக்கா, மாட்டுக்கா?"

இன்னும் உரக்கச் சொன்னேன். "ஆறிப்போச்சா? சுட வைக்கச் சொல்லும்மா" என்றீர்கள். மூன்றாம் முறை கத்தினேன். "சேந்துட்டாளா? பாட்டு கிளாஸ்லயா? நல்லது."

கத்தியதில் சிரிப்பெல்லாம் உதிர்ந்து, வெறும் கோள் மட்டும் மிச்சம் நின்றது. அது என் குரலிலேயே எனக்குக் கேட்டது. அப்புறம் அந்த வரியை யாரிடமும் சொல்லவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக்கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கரையில் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் வெயிலில் மிதந்தது. பெண்கள் காதோலையும் கருகமணியும் ஆற்றில் விட்டார்கள். நான் எனக்குள்ளே முனகினேன்: "இவங்க காதோலைய ஆத்துல விடுறாங்க. நம்ம தெருவுல வாசிக்கிறாங்க."

நீங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். மாட்டிக்கொண்டது சிரித்த பிறகுதான் உங்களுக்கே தெரிந்தது.

"அப்ப இத்தனை நாளா ஊருக்கே காது குத்தினீங்களா? இது பொய்யில்லையா, தாத்தா?"

"என்ன, நெய்யா? ஊத்து, ஊத்து."



நீங்கள் போன பிறகு, சென்ற மாதம், ரெஜினா அக்காவைப் பார்த்துப் பிடித்துப்போன தஞ்சாவூர் மாப்பிள்ளையின் அத்தை வந்தார். தெருவில் நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம். குழாயடியில் என்னைப் பிடித்து, "ஏம்மா, அந்தப் பொண்ணு யாரோடயாவது பேச்சுவார்த்தை உண்டா?" என்று காதருகே குனிந்தார். அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. இல்லை என்றால் பொய். உண்டு என்றால் அந்த மரத்தடி அக்காவை விழுங்கிவிடும். நாக்கு நுனியில் பழைய வரி வேறு, பழுத்துப்போய் நின்றது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது மந்தம்."

அந்தக் கேள்வியை யாரால் உரக்கக் கேட்க முடியும்? "பாவம், இந்த வயசுலயா" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, நேரே அம்மாவிடம் துக்கம் விசாரிக்கப் போனார். காரணத்தை அம்மாவிடம் சொல்ல முடியுமா? அன்றிலிருந்து எனக்கு எண்ணெய்.

போன ஞாயிறு அக்காவின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முக்காட்டு ஓரத்தில் காது மட்டும் சிவந்திருந்தது.

இப்போது என் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. யார் வீட்டில் யார் அழுதார்கள், யார் மகன் எங்கே போனான், எல்லாம் எனக்குள் வந்து உட்காருகிறது. உங்களைக் கல்லறைக்குத் தூக்கிப் போனவர்கள், "பெரியவரு பூ மாதிரி லேசா இருக்காரு" என்றார்கள். நம் தெருவையே சேர்த்துத் தூக்கினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு இன்னும் பழகவில்லை, தாத்தா. கனக்கிறது. ஆனாலும் யாரிடமும் இறக்கி வைக்கவில்லை.