பத்து நிமிடக் கையெழுத்து

அன்பு மகளுக்கு,

இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்படி இல்லை என்று உன் மாமா வந்து சொல்லிவிட்டுப் போனதால்தான் பேனாவை எடுத்தேன். பதினான்கு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. நானும் நான்காவது மாதத்தோடு அடிப்பதை விட்டுவிட்டேன், யாருக்கு ரோஷம் அதிகம் என்று பார்த்துவிடலாம் என்றுதான். உறையின் மேல் என் எழுத்தைப் பார்த்ததுமே கிழிக்கத் தோன்றும் உனக்கு. கிழிக்காதே. உள்ளே இன்னொரு தாளும் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாக நிறுத்தியாயிற்று, மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், உன் அறையில் உன் மேசை அப்படியே கிடக்கிறது, அதன்மேல் நான் இஸ்திரி போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அலுவலகத்தில் எனக்கு இன்னும் ஐந்து வருடம் பாக்கி. கடைத்தெருவில் தராசுகளைச் சோதிக்கப் போனால் இப்போதும் முதுகுக்குப் பின்னால் ‘கிராம் வர்றாருடா’ என்றுதான் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அதை வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, தராசை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வாங்க என்பாள். இப்போது வாசலில் வைத்தாலும் உள்ளே வைத்தாலும் கேட்பதற்கு ஆளில்லை. ஒரு ஆளுக்குச் சமைப்பதற்கு எவ்வளவு அரிசி என்று, எடை பார்த்தே பிழைக்கிற எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாமா போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவரிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தால் டீ ஆறுகிற நேரம்கூட அவர் வயிற்றில் தங்காது என்பது உனக்குத் தெரியாதா? மாப்பிள்ளையின் கம்பெனி பூட்டி இரண்டு மாதம் ஆகிறது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார், புது வீட்டுக்குப் பத்து நாளில் முன்பணம் கட்ட வேண்டும், எல்லாம் வந்துவிட்டது. பர்சனல் லோன் போடுவதா, கிரெடிட் கார்டில் பணமாக எடுத்துவிடுவதா என்று அவரிடம் யோசனை கேட்டிருக்கிறாய். தன் கார்டின் ரகசிய எண்ணை அந்தக் கார்டின் உறையிலேயே எழுதி வைத்திருக்கிற மனிதரிடம். அதற்கு மேல் நீ சொன்னதையும் அவர் ஒளிக்கவில்லை. “மாமா, யார்கிட்ட வேணா கேளுங்க, அப்பாகிட்ட மட்டும் கேக்காதீங்க. அவர் கணக்கு போட்டு முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.” சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நான் எழுந்து போய் அணைந்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தேன்.

நீ கேட்கவில்லை என்பதற்காக நான் சொல்லாமல் இருக்க முடியாது. கார்டில் பணமாக எடுத்தால், எடுத்த நிமிடமே ஒரு கட்டணம் பிடிப்பார்கள். கடையில் சாமான் வாங்கினால் பில் தேதி வரைக்கும் கிடைக்கிற அவகாசம் இதற்குக் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும், மாதத்துக்கு மூன்று மூன்றரை என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும், வருடத்துக்குப் பெருக்கினால் நாற்பதைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று வருகிற தாளை நம்பினால் குழந்தை பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் கட்டிக்கொண்டிருப்பாய். லோனில் வட்டி அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தாள் தாளாகக் கேட்பார்கள், இரண்டு மூன்று நாள் இழுக்கும். பத்து நாள் கையில் இருக்கிறவர்கள் கார்டைத் தொடக்கூடாது. அதே சமயம், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் சதவீதம் என்ற சொல்லையே மறந்துவிட்டு இயந்திரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். முதலில் கையில் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள், வட்டியைப் பிறகு கேள். எனக்கு இது தெரியும் என்பதில் உனக்கு ஆச்சரியம் இருக்காது. எப்போது தெரிந்தது என்பதுதான் உனக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை உன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்ததும் டாக்டர், இதயத்தில் அடைப்பு இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் செய்துவிடலாம், முன்பணம் கட்டினால் தேதி குறிக்கலாம் என்றார். சின்ன மருத்துவமனை, கார்டு தேய்க்கிற வசதி இல்லை, பணமாகத்தான் கட்ட வேண்டும். ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் நான் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தது உண்மை. உன் அம்மாவும் அதை வாங்கிப் பார்த்தாள். “எடுத்த உடனே பிடிச்சுக்குவானா? அப்ப லோனே போடுங்க. ரெண்டு நாள்ல நான் எங்க ஓடிடப் போறேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பம் கொடுத்தேன். மதியமே வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று.

இதைத்தான் நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உன் தாத்தா வீட்டைப் பெரியப்பா பேருக்கு எழுதிவைத்த அன்று, பெரியப்பா முற்றத்தில் நின்றுகொண்டு, உனக்குத்தான் அரசாங்கச் சம்பளம் வருதே, உனக்கு எதுக்குடா வீடு என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு என் கையெழுத்திலிருந்து அப்பாவின் முதலெழுத்தை எடுத்துவிட்டேன். அலுவலகத்தில், சம்பளக் கணக்கில், எல்லா இடத்திலும் மாற்றினேன். இந்த வங்கியில் மட்டும் விட்டுப்போயிருந்தது. கடன் பிரிவில் உன் வயதில் ஒரு பெண், “சார், பழைய மாதிரியே ஒரு தடவ போட்டுக் குடுத்துடுங்க, பத்து நிமிஷ வேலை. நாளைக்குக் காலைல பணம் வந்துடும்” என்றாள். அந்த எழுத்தை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது, இனிமேல் போடமாட்டேன் என்று சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கையெழுத்தை மாற்றும் விண்ணப்பத்தை வாங்கி, என்னவோ பெரிய நியாயத்தை நிலைநாட்டுகிறவன் மாதிரி, அங்கேயே உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். சனிக்கிழமை போய் நின்றபோது, மேலிடத்தில் சரிபார்க்க வேண்டும், திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். என்ன தாமதம் என்று உன் அம்மா கேட்டாள். நெட்வொர்க் இல்லையாம் என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் அவளுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியது. நான் மருத்துவமனை மாடியிலிருந்து கீழே இறங்கிப் போனேன். மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே பணம் எடுக்கிற இயந்திரம். கார்டைச் செருகி எண்ணை அழுத்தியதும், கட்டணம் இவ்வளவு, சம்மதமா என்று திரையில் கேட்டது. விடிந்தால் லோன் வந்துவிடுமே என்று நினைத்து வேண்டாம் என்பதை அழுத்தினேன். ஆகையால் நீ சொன்னதும் பொய் இல்லை. திங்கட்கிழமை வங்கி திறக்கும்போதே போய், அந்தப் பெண்ணிடம், கையெழுத்தை மாற்ற வேண்டாம், லோன் தாளைக் கொடும்மா என்று வாங்கி, அப்பாவின் எழுத்தோடு பழைய கையெழுத்தைப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூடியைப் பேனாவில் மாட்டுவதற்குள் மருத்துவமனையிலிருந்து போன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் நீ விமானத்தில் வந்து இறங்கி, வாசலில் எல்லாரும் நிற்கும்போது என் சட்டைப்பையில் போன் சத்தம் கேட்டது, பழக்கத்தில் எடுத்துப் பார்த்தேன். கடன் தொகை வரவு வைக்கப்பட்டது என்று செய்தி. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீ எட்டிப் பார்த்தாய். “இப்பவும் வட்டியத்தான் பாக்கறீங்களாப்பா? அம்மாவப் பாத்திருந்தா அவங்க இருந்திருப்பாங்க.” அத்தனை பேருக்கு முன்னால் கேட்டாய். அதற்காக உன்மேல் வைத்திருந்த கோபத்தை இந்தப் பதினான்கு மாதமும் நான் சோறு போட்டு வளர்த்தேன். ஆனால் அம்மாடி, வட்டி பார்த்தவன் என்ற பெயர் எனக்கு வசதியாகவும் இருந்தது. கஞ்சத்தனத்துக்கு ஒரு காரணமாவது இருக்கிறது, பணம் மிஞ்சும். நான் செய்ததற்கு அதுவும் இல்லை. உன் அம்மாவை மூன்று நாள் காக்க வைத்து, பத்து வருடமாக என்னோடு பேசாத ஒரு ஆளை ஜெயிக்கப் பார்த்தேன். அந்த ஆளுக்கு இது தெரியக்கூடத் தெரியாது. பெரியப்பாவை நான் இப்போதும் மன்னிக்கவில்லை, நல்லவனாகிவிட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பணத்தை நான் தொடவில்லை. லோனை அடைத்துவிடலாமே சார் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மாதா மாதம் தவணை கட்டுகிறேன், பணம் அப்படியே கிடக்கிறது, இதற்கு என்ன அர்த்தம் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இந்த உறையில் இருக்கிற காசோலை அந்தப் பணத்துக்குத்தான். உன் பேருக்கு எழுதியிருக்கிறேன். நீ லோனும் போட வேண்டாம், கார்டிலும் எடுக்க வேண்டாம். திருப்பித் தருவதைப் பற்றிப் பேசாதே, தவணை என்னுடையது, அது எனக்கு வேண்டும். எனக்காக வாங்கிக்கொள்ள மனம் வராவிட்டால், அவளுக்காக வந்து அவளுக்குச் சேராமல் போன பணம் என்று நினைத்து வாங்கிக்கொள். அதற்கும் மனம் வரவில்லை என்றால் கிழித்துப்போடு, ஆனால் அதற்குப் பிறகு மாமாவிடம் போகாதே, லோன் போடு.

மாப்பிள்ளையை வேலை விஷயமாக நச்சரிக்காதே, வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளைக்குத் தன் நிழலே எதிரி. குழந்தை இந்நேரம் நன்றாகப் பேசுவாள், கண்ணுக்குள் நிற்கிறாள். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் ஒன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. காசோலையை மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிடு, தேதி தாண்டினால் செல்லாது, மறந்துவிடாதே.

காசோலைக்குக் கையெழுத்து இல்லாமல் முடியாது, அதனால் அதில் தாத்தாவின் எழுத்தோடு பழைய கையெழுத்து இருக்கிறது, ஒத்துப்போகும், பயப்படாதே. இந்தக் கடிதத்தின் அடியில் அப்பா என்று எழுதலாம் என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது நீ கூப்பிட வேண்டிய பெயர், நானே எழுதிக்கொள்வது முறையல்ல. ஒன்றும் போடாமல் அப்படியே மடித்து, தபால் பெட்டியைத் திறக்க ஆள் வருவதற்குள் போய்ப் போட்டுவிடுகிறேன்.