‘சரி’ என்று வந்த பதில்

அன்புள்ள அம்மா,

இங்கே நானும் என் ஜலதோஷமும் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் கோபமும் கொஞ்சம் குறைந்தனவா?

ஒரு சின்ன விஷயம், பதறாதே. கம்பெனி டேட்டாபேஸைப் பராமரிக்கும் கட்டளைகளுக்கு நான் கையேடு எழுதுகிறேன் அல்லவா? அதைப் படித்து வேலை செய்வது மனிதர்கள் இல்லை, ஏஐ. ‘பழைய பேக்கப் பிரதியை அழிக்குமுன் டேட்டாபேஸிடம் நிலவரம் கேள், சரி என்று வந்தால் அழி’ என்று எழுதியிருந்தேன். அது கேட்டது, ‘சரி’ என்று வந்தது, அழித்துவிட்டது. புதிய பேக்கப்போ பாதியில் நின்றிருந்தது. கூப்பிட்டால் டேட்டாபேஸ் குரல் கொடுக்கிறது என்பது மட்டும்தான் அந்தச் ‘சரி’. உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. நான் அதைக் கையேட்டில் எழுதவில்லை.

நல்லவேளை, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி இருந்தது. மேலாளர் திட்டவில்லை. “மனுஷன்னா சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேப்பான். இது நீங்க எழுதினதை அப்படியே நம்பிடும்” என்றார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே நினைப்பு.

அம்மா, ஞாயிறுதோறும் போனில் கேட்கிறேன். “நல்லாருக்கேன்டி” என்கிறாய். நானும் நம்பிப் போனை வைத்துவிடுகிறேன். இனி அது போதாது. உன் ரத்த அழுத்தத்தை அப்பாவை ஒரு சீட்டில் எழுதச் சொல்லி, படம் எடுத்து அனுப்பு. எனக்கு எண் வேண்டும். போன வாரம் பேசும்போது ஏன் அப்படி மூச்சு வாங்கியது என்றும் எழுது.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் மூத்தவள்